அப்டேட் பசி

2021 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் இரண்டாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு முதன்முறையாக ரசிகர்களைப் பாதி இருக்கைகளுக்கு அனுமதித்திருந்தார்கள். அப்படி உள்ளே போனவர்களில் சிலர், களத்தில் நின்றிருந்த மொயீன் அலியிடம் ‘வலிமை’ அப்டேட் கேட்டார்கள். பர்மிங்காமில் பிறந்த ஆல்ரவுண்டருக்கு அஜித் படத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் அஸ்வினிடம் போய் வலிமை என்றால் என்ன என்று விசாரித்திருக்கிறார். இதை அஸ்வினே பிறகு தன் யூடியூப் பேச்சில் சொன்னார். அந்த டெஸ்டின் மூன்றாம் நாளான பிப்ரவரி 15 அன்று அஸ்வின் சதம் அடித்தார். அதே நாளில் அஜித்குமாரின் அறிக்கையும் வந்தது. அரசியல், விளையாட்டு என்று கண்ட இடங்களில் அப்டேட் கேட்பது தன்னை வருத்துகிறது, உரிய நேரத்தில் செய்தி வரும், பொறுமையாக இருங்கள் என்பது அதன் சாரம்.

படத்தின் பெயரை 2019 அக்டோபரில் பூஜை போட்டபோதே அறிவித்துவிட்டார்கள். அதன்பின் முதல் தோற்றம் வெளியானது 2021 ஜூலை 11 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ 21 மாதங்களில் ஒரு போஸ்டர்கூட இல்லை. நாயகனுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. ரசிகர் மன்றங்களை அவர் 2011லேயே கலைத்துவிட்டதால் மன்றத் தலைவரைப் பிடித்துக் கேட்கவும் வழியில்லை.

சேப்பாக்கத்தில் நடந்ததைப் பலரும் சிரிப்பாகவோ தலையிலடித்துக்கொள்ளும் விஷயமாகவோ பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன விவரம் உறுத்தியது. கூட்டம் கேட்டது படத்தை அல்ல. ‘சீக்கிரம் ரிலீஸ் பண்ணுங்க’ என்பதல்ல கோரிக்கை. அப்டேட் வேண்டும், அவ்வளவுதான். அப்டேட் வந்தால் படம் ஒரு நாள்கூட முன்னதாக வரப்போவதில்லை. கதை மாறாது, டிக்கெட் விலை குறையாது. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு தகவலுக்கு இத்தனை பசி ஏன்? அஜித் பொறுமை காக்கச் சொன்னார். ஆனால் பொறுமையின்மை என்பது வேறு, தெரியாமல் இருக்க முடியாமை என்பது வேறு. மூளை இரண்டாவதை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல பதில் ஆய்வகங்களில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் உள்ள தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் ஈதன் பிராம்பர்க்-மார்ட்டின், ஒகிஹிடே ஹிகோசாகா என்ற இருவர் செய்த பரிசோதனை 2009இல் வெளியானது. குரங்கு கணினித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சில நொடிகளில் அதற்குத் தண்ணீர் கிடைக்கும். ஒருமுறை நிறைய வரும், ஒருமுறை கொஞ்சம் வரும். எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் தண்ணீர் வருவதற்கு முன் திரையில் இரண்டு குறிகளில் ஒன்றை அது பார்வையால் தேர்ந்தெடுக்கலாம். ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து வரும் உருவம், வரப்போவது நிறையவா கொஞ்சமா என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மற்றதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓர் உருவம் வரும். அதற்கு அர்த்தம் கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைக்கும் தண்ணீரின் அளவில் மாற்றமில்லை.

குரங்குகள் சில நாட்களிலேயே, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும், தகவல் தரும் குறியையே நாடத் தொடங்கின. அதுமட்டுமல்ல, தகவல் இப்போதே வேண்டுமா சற்றுப் பிறகு போதுமா என்று வாய்ப்புக் கொடுத்தால் இப்போதே வேண்டும் என்றன. ஆய்வாளர்கள் அதே நேரத்தில் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் வரப்போகிறது என்றால் துடிக்கும் அதே அணுக்கள், தகவல் வரப்போகிறது என்றாலும் துடித்தன. நாக்கில் படும் நீரையும் நீரைப் பற்றிய செய்தியையும் அந்த அணுக்கள் ஒரே நாணயத்தில்தான் எண்ணுகின்றன.

இந்த ஒரு முடிவு கையில் இருந்தால் ‘வலிமை அப்டேட்’ அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. ரசிகருக்கு அப்டேட் என்பது படத்துக்கு வழிகாட்டும் பலகை அல்ல. அதுவே ஒரு சின்னச் சாப்பாடு.

இதைவிடச் சங்கடமான பரிசோதனை ஒன்று கென்டக்கி பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெசிக்கா ஸ்டாக்னர், தாமஸ் சென்டால் இருவரும் 2010இல் வெளியிட்ட அந்த ஆய்வில் ஆடியவை புறாக்கள். ஒரு பக்கத்தைக் கொத்தினால் ஐந்தில் ஒரு முறை ஒரு நிற விளக்கு எரியும். அது எரிந்தால் தீனி உறுதி. மீதி நான்கு முறை வேறு நிறம் எரியும்; அப்போது தீனி இல்லை என்பதும் உறுதி. ஆக மொத்தத்தில் 20 சதவீத வாய்ப்பு. மறுபக்கத்தைக் கொத்தினாலும் விளக்குகள் எரியும், ஆனால் எது எரிந்தாலும் தீனி பாதிக்குப் பாதி. அதாவது 50 சதவீதம். பசியோடு இருக்கும் பறவை எதைக் கொத்த வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். புறாக்கள் விடாப்பிடியாக 20 சதவீதப் பக்கத்தையே கொத்தின. இரண்டரை மடங்கு தீனியை விட்டுக்கொடுத்து அவை வாங்கிக்கொண்டது, ‘வரப்போகிறது’ என்று உறுதியாகச் சொல்லும் அந்த ஒரு விளக்கின் வெளிச்சத்தைத்தான். வராது என்று சொல்லும் விளக்கு எத்தனை முறை எரிந்தது என்ற கணக்கை அவை பெரிதாக வைத்துக்கொள்வதில்லை என்பது சென்டாலின் விளக்கம்.

புறாவிலிருந்து ரசிகருக்கு நேராகத் தாவுவது நியாயமில்லை. ஆனாலும் படவுலகின் விளம்பரப் பிரிவில் வேலை செய்யும் யாரும் இந்தப் புறா ஆய்வைப் படித்தால் புன்னகைப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு பெரிய படம் வருவதற்குள் இன்று எத்தனை விளக்குகள் எரிகின்றன! டைட்டில் லுக், ஃபர்ஸ்ட் லுக், செகண்ட் லுக், மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், ஃபர்ஸ்ட் சிங்கிள், அதன் ப்ரோமோ, டீசர், டிரெய்லர். இவற்றையெல்லாம் மிஞ்சிய ஒன்று உண்டு: ‘நாளை மாலை 6 மணிக்கு ஒரு முக்கிய அறிவிப்பு’ என்ற அறிவிப்பு. மறுநாள் மாலை 6 மணிக்கு வருவதோ டீசர் தேதி. அப்டேட்டுக்கே அப்டேட்.

இந்தக் கடைசி வகை கோமாளித்தனமாகத் தோன்றலாம். அதை முன்கூட்டியே விளக்கிவிட்டவர் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க்கில் 1980களிலும் 90களிலும் அவர் குரங்குகளின் டோபமின் அணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கொடுத்தால் அணுக்கள் படபடக்கும். சாற்றுக்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினால், நாளடைவில் படபடப்பு விளக்கு எரியும் கணத்துக்கு நகர்ந்துவிடும். சாறு வரும்போது அணுக்கள் கண்டுகொள்வதே இல்லை. அந்த விளக்குக்கும் முன்னால் இன்னொரு குறியைச் சேர்த்தால், படபடப்பு இன்னும் பின்னோக்கி அந்த முதல் குறிக்குப் போகும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழும். கிடைத்தது எவ்வளவு என்பதை அல்ல, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே இந்த அணுக்கள் பேசுகின்றன என்று பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை நரம்பியலின் போக்கையே மாற்றியது. இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கணினி அறிஞர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு சமன்பாடு, குரங்கின் மூளையில் அப்படியே ஓடிக்கொண்டிருந்ததுதான் அந்தக் கட்டுரையின் அதிசயம்.

ஆக, டீசருக்கு முன் டீசர் தேதியும், தேதிக்கு முன் ‘தேதி வரப்போகிறது’ என்பதும் கொண்டாட்டமாக மாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மகிழ்ச்சி, நம்பத்தகுந்த குறிகளிலேயே முதலில் வரும் குறியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. பத்திரிகை மட்டுமே இருந்த காலத்தில் ‘விரைவில்’ என்று ஒரு விளம்பரம் வந்தால் அதுவே முதல் குறி, அதற்கு முன்னால் போக இடமில்லை. கைப்பேசி வந்தபின் இசையமைப்பாளர் போடும் ஒரு தீ இமோஜி வரை குறிகள் பின்னோக்கி நகர்ந்துவிட்டன.

அப்படியானால் குறியே தராமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்வம் அடங்கிப் போயிருக்க வேண்டுமே? வலிமை விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. இதற்கும் ஷுல்ட்ஸின் குழுவிடமே ஒரு துப்பு இருக்கிறது. கிறிஸ்டஃபர் ஃபியோரில்லோ, ஃபிலிப் டோப்லர் ஆகியோருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சாறு வருமா வராதா என்பதன் வாய்ப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். குறி தோன்றியதற்கும் சாறு வரவேண்டிய நேரத்துக்கும் இடையில் அணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. நிச்சயம் வரும் என்றபோதோ நிச்சயம் வராது என்றபோதோ அந்த ஏற்றம் இல்லை. பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் அது உச்சத்தில் இருந்தது. படம் உண்டு, பெயர் உண்டு, படப்பிடிப்பும் ஒருபுறம் நடக்கிறது. ஆனால் செய்தி இன்று வருமா, அடுத்த மாதமா, பொங்கலுக்கா, பிறந்தநாளுக்கா என்பது தெரியாது. ஆசைக்கு இதைவிட வாகான நிலம் கிடையாது. ‘2021 ஜூலை வரை எதுவும் வராது’ என்று தயாரிப்புத் தரப்பு தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், மொயீன் அலி தொந்தரவில்லாமல் ஃபீல்டிங் செய்திருப்பார் என்பது என் ஊகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டோபமினை ‘மகிழ்ச்சி வேதிப்பொருள்’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது தப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். டோபமின் கிட்டத்தட்ட முழுதும் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை வழக்கம்போலவே ரசித்து நக்குகின்றன. ஆனால் தாமாக எழுந்து போய் அதைத் தேடுவதில்லை. ஊட்டாவிட்டால் பட்டினி கிடக்கின்றன. வேண்டும் என்ற தவிப்பும் கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் இரண்டு தனி வேலைகள். அப்டேட் பசியின் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் மாதக்கணக்கில் கேட்டு வாங்கிய ஒரு போஸ்டரை அரை நாள் பகிர்ந்துவிட்டு, மாலைக்குள் அடுத்தது எப்போது என்று கேட்க முடிகிறது.

காத்திருப்பில் தவிப்பு மட்டும்தானா என்றால், அதுவுமில்லை. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் 1987இல் மாணவர்களிடம் ஒரு குறும்பான கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரத்தின் முத்தம் கிடைக்கும் என்றால் எவ்வளவு பணம் தருவீர்கள்? இப்போதே என்றால் எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்து என்றால், ஒரு நாள், மூன்று நாள், ஓராண்டு, பத்தாண்டு கழித்து என்றால்? பாடநூல் பொருளியலின்படி இன்பம் உடனே வேண்டும். தள்ளிப்போனால் மதிப்புக் குறையும். மாணவர்கள் அதிகமாக விலை சொன்னது மூன்று நாள் தள்ளிக் கிடைக்கும் முத்தத்துக்கு. அந்த மூன்று நாள் நினைப்புக்கும் சேர்த்துத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். ஓராண்டு, பத்தாண்டு என்று போனபோது விலை இறங்கிவிட்டது. தீபாவளி ரிலீஸுக்கு ஐப்பசி பிறந்ததுமே பட்டாசு வாங்கத் தொடங்கும் நம்மூர் ரசிகருக்கு இந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லவில்லை.

இசையில் இது உடலளவிலேயே தெரிகிறது. மான்ட்ரியாலில் வலோரி சலீம்பூரும் ராபர்ட் சாட்டோரேயும் சக ஆய்வாளர்களும், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டால் மெய்சிலிர்த்துவிடும் ஆட்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி சிலிர்க்கும் கணத்தில் மூளையின் ஓரிடத்தில் டோபமின் சுரந்தது. இசையில் சிலிர்க்கவைக்கும் அந்தக் கட்டம் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த முந்தைய நொடிகளில் வேறோரிடத்தில் சுரந்தது. ‘பிஜிஎம்’ ஏறத் தொடங்கும்போதே, நாயகனின் முகம் தெரிவதற்கு முன்பாகவே தியேட்டரில் விசில் கிளம்புகிறதே, அந்த விசில் இந்த இரண்டாவது இடத்துக்குச் சொந்தமானது என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கோபத்துக்கு வருவோம். விளக்கு எரிந்து சாறு வராதபோது குரங்கின் அணுக்கள் அடங்கிப் போனதைப் பார்த்தோம். ரசிகரின் எதிர்பார்ப்பு வெறும் ‘வருமா வராதா’ அல்ல. எந்தத் தாடி, எந்தக் கார், எந்த எழுத்துரு என்பது வரை அது நுணுக்கமானது. எதிர்பார்ப்பு எவ்வளவு நுணுக்கமோ ஏமாற்றத்துக்கு அவ்வளவு இடம். இதற்கு ஹாலிவுட்டில் நல்ல உதாரணம் உண்டு. 1991இல் ஒரு வீடியோ விளையாட்டின் நாயகனாகப் பிறந்த நீல முள்ளெலி சோனிக். அதை வைத்து எடுத்த படத்தின் டிரெய்லர் 2019 ஏப்ரல் இறுதியில் வந்தபோது, அந்த எலிக்கு மனிதப் பற்களும் சிறிய கண்களும் இருந்தன. 28 ஆண்டுகளாக ஒரு முகத்தை மனத்தில் வைத்திருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. புதிய முகத்தோடு வந்து வெற்றியும் பெற்றது. ரசிகர்களின் கூச்சலை வெறும் கூச்சல் என்று ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்கள் மனத்தில் இருந்த படம் ஸ்டுடியோ வரைந்ததைவிடத் துல்லியமாக இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு தனி மண்டைக்குள் நடப்பது. ரசிகர் தனியாள் இல்லையே. டீசர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது டீசரையா, அதன் கீழே ஓடும் பார்வை எண்ணையா என்று சொல்வது கடினம். அந்த எண் என்ன செய்யும் என்பதை மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் அளந்து காட்டினார்கள். யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டோர் வந்து கேட்டார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகில் எந்தப் பாடலை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் ஏறிய பாடல் மேலும் ஏறியது. ஆனால் எட்டு உலகிலும் ஏறியது ஒரே பாடல் அல்ல. ஒரு பாடல் ஓர் உலகில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40ஆம் இடத்தில் கிடந்தது. மிக நல்லவை அடியோடு தோற்பதும் மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிது; நடுவில் இருப்பவற்றின் தலையெழுத்தை முதலில் வந்த சிலரின் கைதான் எழுதியது. முதல் ஒரு மணி நேரத்தில் பார்வை எண்ணை ஏற்றிவிட ரசிகர் குழுக்கள் ஏன் நேரம் குறித்து உட்காருகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இந்த மூவரின் கட்டுரையைப் படிக்காமலேயே அவர்கள் அதன் முடிவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த எண் வெறும் விளம்பரத்துக்காக ஏற்றப்படுவதும் இல்லை; ஜெயிப்பவரோடு தன்னையும் சேர்த்துக்கொள்ளும் ஆசையும் அதில் உண்டு. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பார்த்தது இது. சனிக்கிழமை கல்லூரி அணி ஜெயித்தால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பில் கூடும். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ‘நாங்கள் ஜெயித்தோம்’ என்பார்கள். தோற்றதைப் பற்றிக் கேட்டால் ‘நாங்கள்’ குறைந்துவிடும். 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை அட்லாண்டாவில் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பந்தைத் தொடாதவரின் உடலுக்குள் ஆட்டத்தின் முடிவு போய்ச் சேர்ந்தது என்பது சாதாரணமல்ல. அஜித் டீசரின் எண்ணையும் விஜய் டீசரின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இளைஞரின் உமிழ்நீரை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. சோதித்தால் சுவாரசியமாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ரசிகர்கள் புறாக்கள், தயாரிப்பாளர்கள் விளக்கு எரிப்பவர்கள் என்று முடிவுக்கு வருவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் ஆசை அர்த்தமில்லாமல் உருவானதல்ல. காட்டில் வாழ்ந்த உயிருக்கு எந்தத் தகவலும் வீணில்லை. நீர் எங்கே வரும் என்று முன்னரே தெரிந்தால் அங்கே போய் நிற்கலாம். தகவலால் ஒரு பயனும் இல்லாத சூழல் என்பது ஆய்வகமும் சினிமா விளம்பரமும் உண்டாக்கிய புதுமை. கிரகணம் எப்போது என்று கணக்கிட்டவனும், மழை வருமா என்று எறும்பின் வரிசையைப் பார்த்தவனும், தேர்வு முடிவு நாளைதான் என்று தெரிந்தும் இன்றே இணையத்தைத் திறந்து திறந்து பார்க்கும் பிளஸ் டூ மாணவியும் இதே பசிக்காரர்கள்தான். நாம் குறைசொல்வது ரசிகரை மட்டும்.

வலிமை 2022 பொங்கலுக்கு வருவதாக இருந்து, ஒமைக்ரான் அலையால் தள்ளிப்போய், பிப்ரவரி 24 அன்று வெளியானது. அதற்குள் அடுத்த படத்துக்கான அப்டேட் கேட்கப்படத் தொடங்கிவிட்டது. பின்னர் இன்னொரு படத்துக்கு, 2023 மே 1, அஜித்தின் பிறந்தநாளில் ‘விடாமுயற்சி’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. முதல் தோற்றம் வந்தது 2024 ஜூன் 30 அன்று. மறுபடியும் 14 மாத மௌனம், மறுபடியும் அதே கேள்வி. மொயீன் அலியிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தச் சேப்பாக்கம் டெஸ்ட் முடிந்த இரண்டாம் நாளே சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 7 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்துவிட்டதால், இந்த ஊரில் அப்டேட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கு நிறையவே நேரம் கிடைத்தது.